வீட்டுப் பத்திரத்துக்குச் சொலிசிட்டரைத் தேர்ந்தெடுக்கும் முன்



வீடு வாங்குவது தொடர்பான காகிதங்களை எடுத்துக்கொண்டு நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் எல்லாம் முடிவான பிறகே வருகிறார்கள். ஏஜெண்ட் கைகாட்டிய சொலிசிட்டரிடம் கையெழுத்துப் போட்டு, முன்பணமும் கட்டியிருப்பார்கள். அவரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால், "விலை குறைவு", "மச்சானுக்கும் அவர்தான் செய்தார்" என்பவையே பதில்கள். இந்த இதழின் பாடம் இதைப் பற்றியது. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும், ஸ்டாம்ப் டியூட்டி பற்றியது நீங்கலாக வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்தின் நடைமுறை வேறு.

வட்டியுள்ள மோர்ட்கேஜ் கூடுமா என்ற கேள்வியை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அதை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வழியில் வாங்கினாலும் பத்திர வேலை உண்டு, அதைச் செய்ய ஒருவர் வேண்டும்.

அவர் சொலிசிட்டராக இருக்கலாம், அல்லது பத்திர மாற்றத்துக்கென்றே உரிமம் பெற்ற கன்வேயன்சராகவும் இருக்கலாம். முன்னவரைக் கண்காணிப்பது சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டி, பின்னவரைக் கண்காணிப்பது கவுன்சில் ஃபார் லைசென்ஸ்டு கன்வேயன்சர்ஸ். இரண்டுமே பதிவேடு வைத்திருக்கின்றன, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பெயர் அங்கே இல்லையென்றால் பேச்சே வேண்டாம். நம் மொழி பேசுகிறார், ஜும்ஆவில் பக்கத்து ஸஃப்பில் நிற்கிறார் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் அது பதிவேட்டுக்கு ஈடாகாது.

அடுத்து, கடன் தரும் வங்கியின் பட்டியல். ஒவ்வொரு வங்கியும் தனக்கு ஏற்புடைய சட்ட நிறுவனங்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்தவர் அதில் இருந்தால், உங்களுக்கும் வங்கிக்கும் அவரே வேலை செய்வார். இல்லாவிட்டால் வங்கி தனக்கு வேறொருவரை வைக்கும், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும், நாளும் நீளும். ஆகவே முதல் தொலைபேசி அழைப்பிலேயே வங்கியின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

ஒருவரே இரு தரப்புக்கும் வேலை செய்வதால், வங்கி அறிய வேண்டியதை மறைக்கச் சொல்லி அவரிடம் கேட்க முடியாது. விலையில் ரகசியத் தள்ளுபடி, கைமாற்றாக வாங்கிய முன்பணம் எதுவானாலும், அவர் வங்கிக்குச் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டாம் என்று நீங்கள் மறுத்தால், வேலையிலிருந்து விலகிக்கொள்வதைத் தவிர அவருக்கு வழி இருக்காது.

ஏஜெண்ட் பரிந்துரைப்பவர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பரிந்துரைக்குப் பல நேரம் கமிஷன் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. கட்டண விவரத்தைச் சொலிசிட்டர் நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது 2018 டிசம்பரிலிருந்து விதி. மூன்று இடத்தில் எழுத்து மூலம் விலை வாங்குங்கள். தலைப்பில் உள்ள தொகையை விட்டுவிட்டு அடியில் உள்ள தொகையைப் பாருங்கள். மாநகராட்சித் தேடல், குடிநீர் வடிகால் தேடல், நிலப் பதிவகக் கட்டணம், பணம் அனுப்பும் கட்டணம், லீஸ்ஹோல்டு என்றால் அதற்குத் தனிக் கட்டணம், அன்பளிப்புப் பணம் வந்தால் அதைச் சரிபார்க்க இன்னொன்று என்று கூடிக்கொண்டே போகும். வாங்குவது ஃப்ளாட் என்றால், குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டு மீதி இருக்கிறது, நிலவாடகை எவ்வளவு, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் எழுத்தில் விளக்கித் தருவாரா என்றும் கேளுங்கள்.

நம் குடும்பங்களுக்கென்றே உள்ள சில விஷயங்களை இனிப் பார்ப்போம். மலிவு விலைக்காரரும் அவசரக்காரரும் இவற்றில்தான் சறுக்குகிறார்கள்.

ஒன்று, ஊரில் உள்ள வீடு. கீழக்கரையிலோ காத்தான்குடியிலோ உங்களுக்கு ஒரு வீடோ வீட்டில் பங்கோ இருந்தால், இங்கே கட்டும் ஸ்டாம்ப் டியூட்டி அதனால் மாறலாம். முதல் வீடு வாங்குவோருக்கான சலுகை, உலகில் எங்கும் சொந்த வீடு வைத்திருக்காதவருக்கே கிடைக்கும். வாப்பாவிடமிருந்து வாரிசுரிமையாக வந்த வீடும் இந்தக் கணக்கில் சேரும். அதுபோக, ஏற்கெனவே 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள வீடு இருந்தால், கூடுதல் வீட்டுக்கான வரி வரலாம். அந்த வீடு வெளிநாட்டில் இருந்தாலும், கணவன் மனைவி இருவரில் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும் அப்படித்தான். 4 லட்சம் பவுண்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலிலிருந்து உள்ள விகிதப்படி முதல் வீடு வாங்குகிறவருக்கு வரி 5,000 பவுண்டு. சலுகை இல்லாதவருக்கு 10,000. கூடுதல் வீடு என்று ஆகிவிட்டால் 30,000. விதிவிலக்குகளும் உண்டு. வாரிசாக வந்த சிறு பங்கு எல்லா நேரமும் கணக்கில் வருவதில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் பார்க்க அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், நீங்களும் சொல்லியிருக்க வேண்டும். பல நிறுவனங்கள் "வரி ஆலோசனை எங்கள் வேலை அல்ல" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுகின்றன. அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வரிப் படிவம் வீடு கைமாறிய 14 நாளுக்குள் போக வேண்டும். அப்போது உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது.

இரண்டாவது, பணம் வந்த வழி. பணமோசடித் தடுப்பு விதிகளின்படி முன்பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்டே ஆக வேண்டும். சீட்டுப் பணம், மஹர் நகையை விற்ற பணம், துபாயில் உள்ள சகோதரர் அனுப்பியது, கடையின் ரொக்கம் எதுவும் தவறல்ல. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேண்டும். நம் சமூகத்தோடு பழகிய சொலிசிட்டர், எதற்கு என்ன காகிதம் போதும் என்று முதல் வாரத்திலேயே பட்டியல் தந்துவிடுவார். பழகாதவர் கடைசி வாரத்தில் கேட்டு வேலையை நிறுத்துவார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறவினர் தந்த பணத்தை "திருப்பிக் கேட்காத அன்பளிப்பு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கும்படி வங்கி சொல்லும். உண்மையில் அது கடனாக இருக்கும்போது அப்படிக் கையெழுத்துப் போடுவது வங்கிக்குச் சொல்லும் பொய், சட்டப்படி குற்றம். நாளை பணம் தந்தவர் மவுத்தாகிவிட்டால், அவருடைய பிள்ளைகள் அந்தக் கடனைக் கேட்கவும் அந்தக் காகிதமே தடையாக நிற்கும். குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகராவின் 282ஆவது வசனம் என்பதும், அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதும் மதரஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரியும். கடன் என்றால் கடன் என்றே சொல்லுங்கள். வங்கி தரும் தொகை குறையலாம், சில வங்கிகள் மறுக்கவும் செய்யலாம். அது தெரிந்து திட்டமிடுவது நல்லது.

மூன்றாவது, இருவர் பெயரில் வாங்கும் முறை. பத்திர மாற்றப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. கணவன் மனைவி இருவரும் கூட்டாக முழுதையும் வைத்திருக்கிறீர்களா, அல்லது ஆளுக்கு ஒரு பங்காகவா என்று அதில் குறிக்க வேண்டும். முதல் வகையில் ஒருவர் இறந்தால் வீடு முழுதும் தானாகவே மற்றவருக்குப் போய்விடும். வஸிய்யத் எழுதியிருந்தாலும் அந்த வீட்டில் அது செல்லாது. பிள்ளைகள் உள்ளவர் இறந்தால் அவருடைய தாய்க்கு ஆறில் ஒரு பங்கு என்பது மீராஸ் சட்டம். அந்தப் பங்கு அங்கே நின்றுபோகும். பங்காக வைத்திருந்தால் அவரவர் பங்கை வஸிய்யத்தில் எழுத முடியும்.

பங்காக வைத்துவிட்டு வஸிய்யத் எழுதாமல் விடுவதும் ஆபத்துதான். அப்போது இந்த நாட்டுச் சட்டப்படி பிரிப்பார்கள். பிள்ளைகள் இருந்தால், மனைவிக்கு முதலில் 322,000 பவுண்டு வரையும் மீதியில் பாதியும், மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. பெற்றோருக்கு ஒன்றும் இல்லை. இதில் மனைவி என்றால் சட்டப்படி மனைவி. இங்கே நிகாஹ் மட்டும் ஓதி, அரசுப் பதிவு செய்யாதவர்களை இந்த விஷயத்தில் சட்டம் மனைவியாக ஏற்பதில்லை. வஸிய்யத் இல்லாவிட்டால் கணவரின் பங்கில் அவருக்கு எதுவும் தானாக வராது. ஊரில் அந்த நாட்டுச் சட்டப்படி முறையாக நடந்த நிகாஹ் பொதுவாக ஏற்கப்படும். இந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் தானே நிரப்பி அனுப்புகிற சொலிசிட்டரை விட்டு விலகுங்கள் என்பதே நமது யோசனை.

வட்டியில்லாத வீட்டுத் திட்டத்தில் வாங்குவோருக்கு இன்னும் ஒரு கேள்வி. முஷாரகா, இஜாரா அடிப்படையில் வங்கி வீட்டைத் தன் பெயரில் வாங்கி, தன் பங்குக்கு உங்களிடம் வாடகை பெற்று, அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக உங்களுக்கு விற்கிறது. இரண்டு முறை கைமாறுவதால் இரண்டு முறை ஸ்டாம்ப் டியூட்டி விழாமலிருக்க, 2003ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் சலுகை தந்தது. அதைச் சரியாகக் கோரத் தெரிய வேண்டும். குத்தகை ஒப்பந்தத்தையும் பங்கு வாங்கும் ஒப்பந்தத்தையும் வரிவரியாக விளக்கத் தெரிய வேண்டும். "இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். "மோர்ட்கேஜ் மாதிரிதானே" என்று பதில் வந்தால் வேறொருவரைப் பாருங்கள்.

ஒப்பந்தம் பரிமாறும் நாளில் வழக்கமாக விலையில் பத்து சதவீதம் கட்டுவீர்கள். அதன் பிறகு பின்வாங்கினால் அந்தப் பணம் போனதுதான். ஆகவே தேடல் முடிவுகளைப் பற்றிய அறிக்கை கைக்கு வந்து, படித்து, கேள்விகள் தீர்ந்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

பணம் அனுப்பும் முன் எச்சரிக்கை. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சொலிசிட்டர் பெயரில் மின்னஞ்சல் வந்தால், மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, முதல் நாள் தந்த கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் பேசிக் கணக்கு எண்ணைச் சரிபாருங்கள்.

வேலையில் குறை இருந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் லீகல் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை. கடிதம் எழுத உதவி தேவைப்படுவோர் ஒப்பந்தக் கடிதத்தையும், மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதிகளையும் கொண்டு நமது அலுவலகத்துக்கு வரலாம்.