வயிற்று நோவை எடைபோடுவது எப்படி?



வயிற்றெரிச்சல், புளியேப்பம் என்று கடைக்கு வந்து மாத்திரை வாங்கிப் போகிறவர்கள் நம்மில் அநேகர். வலி கடுமையானால் பெரிய வியாதி, லேசானால் வாய்வு என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இந்த அளவு சரியன்று. இரைப்பைப் புற்றுநோய் தொடக்கத்தில் வலியே இல்லாமலும் இருக்கும். ஆகையால் டாக்டர்கள் வலியை மட்டும் நிறுப்பதில்லை; நோயாளியின் நிலை முழுவதையும் நிறுக்கிறார்கள். அதற்கான படிக்கற்கள் இவை:

1. வயது: 50ஐத் தாண்டினால் அபாயம் ஏறுகிறது. பெண்களைக் காட்டிலும் ஆண்களுக்கு அதிகம்.

2. குடும்பம்: பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருந்தால் அபாயம் இரண்டு மூன்று மடங்காகும்.

3. கிருமி: இரைப்பையில் வாழும் 'ஹெலிகோபேக்டர் பைலோரி' என்னும் கிருமியை 1982ல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற டாக்டர்கள் வளர்த்துக் காட்டினார்கள். 2005ல் நோபல் பரிசு பெற்றார்கள். இது புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று 1994ல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி நிலையம் அறிவித்தது.

4. பழக்கம்: சிகரெட், உப்பு மிகுந்த கருவாடு, புகையிட்ட மீன் ஆகியவற்றை நித்தம் உண்பது.

5. பழைய வியாதி: முன்பு இரைப்பையில் ஆபரேஷன் ஆனவர்கள், இரைப்பைச் சவ்வு மெலிந்தவர்கள்.

இனி நம் நாட்டு விஷயத்தைக் கவனியுங்கள். மலேசியாவில் இக்கிருமி மலாய்க்காரரிடம் குறைவு; கிளந்தானில் மிக அரிது. சீனரிடமும் இந்திய வம்சத்தாரிடமும் அதிகம். "மலாய்ச் சகோதரரோடு ஒரே பள்ளிவாசலில் தொழுகிறோம், ஒன்றாய் உண்கிறோம், நமக்கும் அப்படித்தானே?" என்று எண்ணவேண்டாம். இது பெரும்பாலும் சிறுபிராயத்தில், வளர்ந்த வீட்டிலேயே தொற்றுவது. ஆயினும் பீதி கொள்ளவும் வேண்டாம். கிருமி உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவருக்கே புற்றுநோய் வருகிறது. நம்மிடம் கிருமி மிகுந்திருந்தும், சீனரைவிட நமக்கு இந்நோய் குறைவே. ஆகவே ஒரு கல்லை மட்டும் வைத்து நிறுக்கலாகாது.

சில அடையாளங்கள் கண்டால் நிறுத்துப் பார்க்கவும் நேரமில்லை. காரணமின்றி உடல் மெலிதல், ஓயாத வாந்தி, உணவு விழுங்க முடியாமை, தார்போல் கறுத்த மலம், இரத்தச் சோகை ஆகியவை அவை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நோன்பினால் வந்த எரிச்சல் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது ஆபத்து.

கிருமியை மூச்சுப் பரிசோதனையாலும் மலப் பரிசோதனையாலும் அறியலாம். அமிலம் அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்னதாகவே டாக்டரிடம் சொல்லவேண்டும். சில மாத்திரைகளை இரண்டு வாரம் நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லையென்று முடிவு வரும். கிருமி இருந்தால் வழக்கமாக 14 நாள் மருந்து. பாதியில் நிறுத்தலாகாது, முடித்தபின் மறுபரிசோதனையும் அவசியம். புற்றுநோய் உண்டா என்பதை வாய்வழியே குழாய்விட்டுப் பார்க்கும் எண்டாஸ்கோப்பிதான் காட்டும்.

தோட்டத்திலோ பட்டணத்திலோ இருக்கும் பெரியவர்களிடம் இந்த ஐந்து கேள்விகளையும் இன்றே கேளுங்கள். இரண்டு மூன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், கடை மாத்திரையோடு நில்லாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை விற்கும் கடைக்காரனாகிய நானே இதைச் சொல்லுகிறேன்.