பாரத்துக்கு ஏற்ற கியர்

பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தின் அருமையை எம் மக்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களும், 2008 இலும் 2009 இலும் வன்னிக்குள் இடம்மாறி இடம்மாறி ஓடியவர்களும் பெட்டியில் ஏற்றக் கூடியதை மட்டுமே தம்முடன் கொண்டு சென்றார்கள். திரும்பி வந்தபோதும் கூரைத் தகடு, விதைநெல், நீரிறைக்கும் இயந்திரம் எல்லாம் பெட்டியிலேதான் வந்து சேர்ந்தன.

இன்று சில சங்கங்களிடமும் குடும்பங்களிடமும் பழைய யப்பான் பிக்கப், டபிள் கப் வாகனங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஓட்டோ கியர் வாகனங்களும் உண்டு. அப்படியான வாகனத்தின் பின்னால் ட்றெயிலரைக் கொழுவி ஓடும்போது கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றை இப்பாடத்தில் படிப்போம்.

எமக்கு நேர்ந்தது

2010 ஆம் ஆண்டு, மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் கிணறுகள் இன்னும் துப்புரவாக்கப்படாத காலம். ஏ-9 வீதியால் ட்றெயிலரில் தண்ணீர் கொண்டு சென்று கொடுத்தோம். வாகனம் ஓட்டோ கியர் டபிள் கப். தாங்கி 1000 லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. எனவே தண்ணீர் மாத்திரமே ஒரு தொன். தாங்கியின் நிறையும் ட்றெயிலரின் நிறையும் வேறு.

சிறிய ஏற்றம் வந்தாலும் எஞ்சின் இரைந்து கியர் இறங்கும். சற்றுத் தூரத்தில் மீண்டும் ஏறும், மீண்டும் இறங்கும். "ஓட்டோ கியர்தானே, அது தன்பாட்டில் பார்த்துக்கொள்ளும்" என்று நாம் இருந்துவிட்டோம். மூன்றாம் வாரத்தில் கருகிய மணம் வந்தது. பிறகு எஞ்சின் இரைந்ததே தவிர வாகனம் நகரவில்லை.

கராஜில் இருந்த வயதான மெக்கானிக் கியர்த்தடியின் பக்கத்தில் இருந்த சிறு பட்டனைக் காட்டி, "தம்பி, உதை ஒரு நாளாவது அமத்திப் பாத்தனீரே?" என்று சாரதியிடம் கேட்டார். சாரதிக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது. கியர்ப்பெட்டி திருத்தி முடியும் வரை அக்கிராமத்துப் பெண்கள் குடமும் கானும் கொண்டு தூரத்துக் கிணறுகளுக்கு நடந்தார்கள். ஒரு பட்டனைப் பற்றிய அறியாமையின் விலை அது.

ஓவர்ட்றைவ் என்றால் என்ன?

அந்தப் பட்டன் ஓவர்ட்றைவ் பட்டன். வெறுங்கையோடு வீதியில் நடப்பவர் நீண்ட எட்டு வைத்து நடப்பார். அதே மனிதர் நெல்மூடையைத் தோளில் வைத்துக் குளக்கட்டில் ஏறும்போது எட்டைக் குறுக்கிக்கொள்வார். நீண்ட எட்டில் தூரம் உண்டு, பலம் குறைவு. குறுகிய எட்டில் பலம் உண்டு, தூரம் குறைவு. கியரும் இதுவே.

நான்கு கியர் கொண்ட ஓட்டோ கியர்ப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளித்தண்டு ஒரு தரம் சுற்றுவதற்கு எஞ்சின் பக்கம் முதலாம் கியரில் ஏறக்குறைய 2.8 தரம் சுற்றும்; இரண்டாவதில் 1.5 தரம், மூன்றாவதில் சரியாக ஒரு தரம், நான்காவதில் 0.7 தரம். இந்த நான்காவது கியரே ஓவர்ட்றைவ். மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 தரம் சுற்றும் அதே வேகத்தில், ஓவர்ட்றைவில் 1400 தரம் சுற்றினால் போதும். சத்தம் குறையும், எரிபொருள் மிஞ்சும். ஆனால் எஞ்சின் கொடுக்கும் இழுவையில் பத்தில் ஏழு பங்குதான் வெளித்தண்டுக்குப் போய்ச் சேரும். வெறும் வாகனத்துக்கு அது போதும். தண்ணீர்த் தாங்கிக்குப் போதாது.

கியர்ப்பெட்டி ஏன் கெடுகிறது?

ஓட்டோ கியர் வாகனத்தில் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையில் கால் கிளச் இல்லை, ஒயில் இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிராக வைத்து ஒன்றை மாத்திரம் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் மெதுவாகச் சுற்றும். இங்கே காற்றுக்குப் பதில் ஒயில். எஞ்சின் சுற்றும் விசிறி ஒயிலைத் தள்ள, எதிரே உள்ள விசிறி சுற்றிக் கியர்ப்பெட்டியை இயக்குகிறது.

இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது ஒயில் வழுக்கிச் சூடாகிறது. இதைத் தவிர்க்க, சீராக ஓடும்போது இரண்டையும் இறுகப் பூட்டும் கிளச் ஒன்று பெரும்பாலான வாகனங்களில் உண்டு. பாரத்தோடு ஓவர்ட்றைவில் ஓடினால் அந்தக் கிளச் பூட்டுவதும் விடுவதுமாக இருக்கும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கியரும் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளே இருக்கும் கிளச் தட்டுகள் உரசும். உரசலால் சூடு, சூட்டால் ஒயில் கெடுதல், கெட்ட ஒயிலால் மேலும் வழுக்கல். இப்படியே போய்த் தட்டுகள் கருகிவிடும்.

செய்ய வேண்டியவை

1. பாரமான ட்றெயிலர் கொழுவியிருந்தால் புறப்படும்போதே ஓவர்ட்றைவ் பட்டனை அமர்த்தி நிறுத்துங்கள். பல யப்பான் வாகனங்களில் ஓவர்ட்றைவ் நிறுத்தப்பட்டால்தான் செம்மஞ்சள் விளக்கு எரியும். விளக்கு எரிவதைப் பழுது என்று எண்ணி மீண்டும் அமர்த்திவிடாதீர்கள். பட்டன் இல்லாத வாகனங்களில் கியர்த்தடியை 'டி' யிலிருந்து '3' க்கு இறக்கலாம்.

2. எஞ்சின் சற்றுக் கூட இரையும். எரிபொருளும் சற்றுக் கூடச் செலவாகும். அதற்குப் பயப்பட வேண்டாம். கியர்ப்பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

3. ட்றெயிலரைக் கழற்றிய பின், அல்லது வெறும் ட்றெயிலரோடு சமதரையில் திரும்பும்போது, ஓவர்ட்றைவைப் பயன்படுத்தலாம். கியர் மாறி மாறி விழுந்தால் உடனே நிறுத்துங்கள். அந்த மாறலே உங்களுக்கான எச்சரிக்கை.

4. கியர் ஒயிலை அடிக்கடி பாருங்கள். பல வாகனங்களில் எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது, கியர்த்தடியை 'பி' யில் வைத்து அளவுகோலை இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல ஒயில் பொதுவாகச் சிவப்பாக இருக்கும். கறுத்துக் கருகிய மணம் வந்தால் தாமதிக்காமல் கராஜுக்குக் கொண்டு செல்லுங்கள்.

5. வழியில் ஒயில் சூட்டு விளக்கு எரிந்தால் ஓரத்தில் நிறுத்தி, 'பி' யில் போட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். எஞ்சின் ஓடினால்தான் ஒயில் குளிர்விப்பான் ஊடாகச் சுற்றி ஆறும்.

6. வாகனத்தின் கைநூலை ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பித்து, எவ்வளவு இழுக்கலாம் என்று அறியுங்கள். பிறேக் இல்லாத ட்றெயிலருக்குப் பல பிக்கப் வாகனங்களின் எல்லை 750 கிலோ. பல சிறிய ஓட்டோ கார்கள் ட்றெயிலர் இழுக்கவே ஏற்றவை அல்ல.

இறக்கத்தில் இன்னும் கவனம்

வன்னியில் ஓடிப் பழகிய சாரதி மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளையையும் தாண்டி மாத்தளை, கண்டிப் பக்கம் போகும்போது இறக்கங்களைச் சந்திப்பார். ஓவர்ட்றைவில் இறங்கினால் எஞ்சின் வாகனத்தைப் பிடித்து நிறுத்தாது. முழுப் பாரமும் பிறேக்கில் விழும். நீண்ட இறக்கத்தில் பிறேக் சூடேறி, மிதித்தும் பிடிக்காத நிலை வரும். எனவே இறக்கம் தொடங்குமுன் ஓவர்ட்றைவை நிறுத்தி, சரிவு கூடினால் '2' க்கு மாற்றி, எஞ்சினே வாகனத்தைப் பிடித்திருக்க மெதுவாக இறங்குங்கள்.

லான்ட்மாஸ்ரர் ஓட்டுபவர்களுக்கு

'எம்மிடம் டபிள் கப் இல்லையே' என்பவர்களுக்கும் இப்பாடம் உண்டு. இரு சக்கர உழவு இயந்திரத்தில் ஓவர்ட்றைவ் இல்லை. ஆனால் உயர்ந்த கியரில் பாரத்தோடு குளக்கட்டால் இறங்கும் பழக்கம் உண்டு. அங்கே போவது கியர்ப்பெட்டி அல்ல, உயிர்.

சமதரையில் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் இடச்சில்லுக்கு இயக்கம் போகாது. வலச்சில்லு தள்ள, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் நிலைமை மாறுகிறது. பெட்டியின் பாரம் பின்னாலிருந்து தள்ள, எஞ்சின் இரு சில்லுகளையும் பிடித்து வைத்திருக்கிறது. அப்போது இடக்கிளச்சைப் பிடித்தால் இடச்சில்லு விடுபட்டு ஓடும். வலச்சில்லு பிடிபட்டு நிற்கும். இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் போக நினைத்தவர் வலப்பக்கம் குளத்துக்குள் போவார்.

ஆகவே கட்டின் உச்சியிலேயே குறைந்த கியரைப் போடுங்கள். இறங்கும்போது கியரை நியூற்றலுக்கு எடுக்க வேண்டாம். பிரதான கிளச்சையும் பக்கக் கிளச்சுகளையும் பிடிக்க வேண்டாம். கைபிடியைத் தள்ளியே திருப்புங்கள். பெட்டியின் பிறேக்கை அளவாக மிதியுங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கட்டின் மேலேயே இறக்கி நடக்கச் சொல்லுங்கள்.

கூடிப் பேசுவதற்கு

1. எமது கிராமத்தில் பாரத்தோடு இறங்க ஆபத்தான இடங்கள் எவை? அங்கே அறிவித்தல் பலகை வைப்பது யார் பொறுப்பு?

2. சங்கத்துக்குப் பொதுவான வாகனத்தை ஓட்டுபவருக்கு இவற்றைச் சொல்லிக் கொடுத்தோமா?

3. லான்ட்மாஸ்ரர் ஓட்டும் இளைஞர்களைப் பாரமில்லாத பெட்டியோடு, தாழ்வான சரிவு ஒன்றில், அனுபவமுள்ளவர் ஒருவரின் முன்னிலையில் பயிற்ற முடியுமா?

எல்லாவற்றையும் இழந்து மீண்டும் தேடிக்கொண்ட வாகனம் இது. பாரத்தைப் பார்த்து முதலில் கியரைத் தெரிவு செய்வோம். அதன் பின் புறப்படுவோம்.