விடை கேட்கும் முன் பெயர் கேளுங்கள்

இயற்கணிதம் வரவில்லை என்று சொல்லும் பிள்ளைகளில் பலருக்குக் கூட்டல் கழித்தல் நன்றாகவே வருகிறது. வாய்ப்பாடும் தெரிகிறது. அவர்கள் தடுமாறுவது சொற்களில்தான். கணித ஆசிரியையாக வகுப்பறையில் நான் கண்டு தெளிந்தது இதுதான்: எதிரே இருப்பது கோவையா, சமன்பாடா, உறுப்பா, கெழுவா என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அதை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதும் தெரிந்துவிடுகிறது. பெயர் தெரியாத பிள்ளை படிகளை மனப்பாடம் செய்கிறது. கணக்கு கொஞ்சம் மாறி வந்தாலும் திகைத்து நிற்கிறது. எனக்குப் பலன் தந்த வழிகளை, மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

எழுத்து குறிப்பது எண்ணை

பாடநூலில் எக்ஸ், ஒய் என்று வரும் இடங்களில் இங்கே ம, ப என்று எழுதப்போகிறேன். எந்த எழுத்தை எடுத்தாலும் கணக்கு மாறாது என்பதே மாறி பற்றிய முதல் பாடம். பிரம்மகுப்தர் 628இல் பிரம்மஸ்புட சித்தாந்தத்தை எழுதியபோது தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயர்களை வைத்தார். அந்த மரபில் வந்த கணித அறிஞர்கள் கா, நீ என்று அப்பெயர்களின் முதல் அசைகளை மட்டும் எழுதிக் கணக்குப் போட்டார்கள். அகர வரிசையின் கடைசி எழுத்துகளைத் தெரியாத எண்களுக்கு வைக்கும் வழக்கம், பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தே 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலால் பரவியது.

முதல்முறை சொல்லிக்கொடுக்கும்போது “3ம என்றால் மூன்று மாம்பழம், 2ப என்றால் இரண்டு பலாப்பழம், இரண்டையும் சேர்க்க முடியாது” என்று சொல்வது எளிது. பிள்ளைகளுக்கும் உடனே பிடிபடும். ஆனால் அடுத்த மாதமே மப என்ற பெருக்கல் வரும். மாம்பழத்தைப் பலாப்பழத்தால் எப்படிப் பெருக்குவது? அதனால் நான் எப்போதும் விலையாகச் சொல்கிறேன். ம என்பது ஒரு மாம்பழத்தின் விலை, ரூபாயில். 3ம என்பது மூன்று பழங்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகை. எழுத்துக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது என்ற நினைப்பு அப்போதுதான் மனதில் நிற்கும்.

இந்தக் குழப்பம் சிறு பிள்ளைகளோடு முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் கிளெமென்ட், லோக்ஹெட், மங்க் ஆகியோர் 1981இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சிறு கேள்வி வருகிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப்போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள். இதைச் சமன்பாடாக எழுதுக. பொறியியல் முதலாண்டு மாணவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறாக எழுதினார்கள். நம் எழுத்தில் சொன்னால் பெரும்பாலும் 6ம = ப என்று. ம என்பதை ‘மாணவர்’ என்றே படித்தால் இந்தத் தவறுதான் வரும். ‘மாணவர்களின் எண்ணிக்கை’ என்று படித்தால், 10 பேராசிரியருக்கு 60 மாணவர், ஆகவே ம = 6ப என்று தானாக வந்துவிடும். எனவே கணக்கைத் தொடங்கும் முன் “ம என்பது மாணவர்களின் எண்ணிக்கை என்க” என்று முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியை விட்டுவிட அனுமதிக்காதீர்கள்.

கோவை, சமன்பாடு, முற்றொருமை

அதிகமாகக் குழம்பும் இடம் இதுதான். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி 2(ம + 3) + 4ம என்பதைச் சுருக்கி 6ம + 6 என்று சரியாகக் கொண்டுவந்திருந்தாள். அத்தோடு நிற்காமல் கீழே “6ம + 6 = 0, ம = −1” என்றும் எழுதியிருந்தாள்.

“இந்தப் பூச்சியம் எங்கேயிருந்து வந்தது கண்ணு?”

“விடைன்னா ஒரு நம்பராத்தானே இருக்கணும் டீச்சர்?”

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை எல்லாக் கணக்கும் ஓர் எண்ணில்தான் முடிந்தது. அதனால் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

6ம + 6 ஒரு கோவை. அதில் சமக்குறி இல்லை. அதைச் சுருக்கலாம், காரணிப்படுத்தி 6(ம + 1) என்று எழுதலாம், ம-வுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் கோவையின் மதிப்பைக் காணலாம். அதற்குத் தீர்வு கிடையாது.

6ம + 6 = 30 ஒரு சமன்பாடு. ம-வுக்கு எந்த மதிப்பைக் கொடுத்தால் இது உண்மையாகும் என்பது கேள்வி. 4 என்றால் உண்மை. 5 என்றால் பொய். அந்த 4 தான் தீர்வு.

6(ம + 1) = 6ம + 6 ஒரு முற்றொருமை. ம எந்த எண்ணாக இருந்தாலும் உண்மை. (ம + ப)² = ம² + 2மப + ப² என்பதும் அப்படியே.

வினாத்தாளில் வரும் வினைச்சொல்லும் இதையே காட்டிக்கொடுக்கும். ‘சுருக்குக’, ‘காரணிப்படுத்துக’ என்றால் எதிரே இருப்பது கோவை. ‘தீர்க்க’ என்றால் சமன்பாடு. ‘நிறுவுக’ என்றால் பெரும்பாலும் முற்றொருமை. பேனாவை எடுக்கும் முன் வினைச்சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள்.

குறி உறுப்புக்குச் சொந்தம்

கோவையை உறுப்புகளாகப் பிரிக்கும்போது ஒவ்வோர் உறுப்பையும் அதன் முன்னால் இருக்கும் குறியோடு சேர்த்தே எடுக்க வேண்டும். ம² − ம + 4 என்பதில் மூன்று உறுப்புகள்: ம², −ம, 4. இதில் ம²-இன் கெழு 1. ம-வின் கெழு −1. எண் எதுவும் எழுதியில்லை என்பதால் கெழு பூச்சியம் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. கெழு பூச்சியமானால் அந்த உறுப்பே இருக்காது என்று காட்டுங்கள். 4 மாறிலி, ம எவ்வளவு மாறினாலும் அது மாறாது.

உறுப்பைக் குறியோடு பார்க்கப் பழகினால் அடைப்புக்குறித் தவறும் குறைகிறது. 5ம − (2ம − 3) என்பதைப் பல பிள்ளைகள் 3ம − 3 என்று முடிக்கிறார்கள். அடைப்புக்குள் இருப்பவை 2ம, −3 என்ற இரண்டு உறுப்புகள். இரண்டையுமே கழிக்க வேண்டும். −3-ஐக் கழித்தால் 3 கூடும். விடை 3ம + 3.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: −ம எப்போதும் குறை எண்தானா? ம = −4 என்றால் −ம = 4. இதை ஒருமுறை தானே கண்டுபிடித்த பிள்ளை பிறகு மறப்பதில்லை.

“அந்தப் பக்கம் போனால் குறி மாறும்”

இந்த வாக்கியத்தை என் வகுப்பில் சொல்ல விடுவதில்லை. ம + 5 = 12 என்ற கணக்குக்கு இது உதவும். 3ம = 12 என்று வந்ததும் இதே விதியைப் பிடித்துக்கொண்டு ம = 12 − 3 = 9 என்று எழுதிவிடுவார்கள். எண் அந்தப் பக்கம் ‘போவதில்லை’. நாம் இரண்டு பக்கத்திலும் ஒரே செயலைச் செய்கிறோம். முதல் கணக்கில் இரு பக்கமும் 5-ஐக் கழிக்கிறோம். இரண்டாவதில் இரு பக்கமும் 3-ஆல் வகுக்கிறோம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே செய்த செயலை எழுதும் பழக்கம் வந்தால் இந்தத் தவறு நின்றுவிடும்.

இதற்கு அடியில் சமக்குறி பற்றிய புரிதல் இருக்கிறது. 8 + 4 = ___ + 5 என்று கரும்பலகையில் எழுதிக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லுங்கள். 12 என்று பலர் எழுதுவார்கள். சமக்குறியை ‘விடை இதோ’ என்று அவர்கள் படிக்கிறார்கள். ராபர்ட் ரெக்கார்ட் 1557இல் இக்குறியை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தபோது, ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்ற காரணத்தைச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்பதே பொருள். அங்கே வர வேண்டியது 7.

எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள்

தான் செய்தது சரியா என்று யாரையும் கேட்காமல் கண்டுபிடிக்கும் வழி இயற்கணிதத்துக்குள்ளேயே இருக்கிறது. 3ம + 5 = 8ம என்று சேர்த்துவிட்ட பிள்ளையைத் திட்ட வேண்டாம். ம = 2 என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் 11, வலப்பக்கம் 16. மதிப்பு மாறிவிட்டதென்றால் சுருக்கியது தவறு.

இதில் ஓர் எச்சரிக்கை. 0, 1, 2 ஆகிய எண்கள் ஏமாற்றிவிடும். மேலே சொன்ன தவறிலேயே ம = 1 என்று போட்டால் இரு பக்கமும் 8 வந்து சரிபோலத் தோன்றும். ம²-ஐ 2ம என்று எழுதிய பிள்ளை 2-ஐப் போட்டால் இரு பக்கமும் 4. ஆகவே 3, 5, 7 போன்ற எண்களைப் போடுங்கள். இரண்டு மாறிகள் இருந்தால் இரண்டு வேறு எண்கள். அடுக்குக் குறியிலும் இது கைகொடுக்கும்: ம = 3 என்றால் 2ம² என்பது 18, (2ம)² என்பது 36.

வாய்விட்டுப் படியுங்கள், சொற்களை எழுதி வையுங்கள்

ஒன்பதாம் நூற்றாண்டில் அல் குவாரிஸ்மி தம் இயற்கணித நூலை எழுதியபோது குறியீடுகளைப் பயன்படுத்தவில்லை. சமன்பாடுகளை முழு வாக்கியங்களாகவே எழுதினார். பிள்ளைகளும் ஒருமுறை அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும். 2(ம + 3) என்பது “ஓர் எண்ணோடு மூன்றைக் கூட்டி, வந்ததை இரு மடங்காக்கு.” 2ம + 3 என்பது “ஓர் எண்ணை இரு மடங்காக்கி, மூன்றைக் கூட்டு.” அடைப்புக்குறி எதற்கு என்பது காதில் விழும்போதே விளங்கிவிடும்.

தமிழ்வழியில் படிப்பவர்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சொற்களை இணையாக எழுதி வையுங்கள்: மாறி – வேரியபிள், மாறிலி – கான்ஸ்டன்ட், உறுப்பு – டெர்ம், கெழு – கோஎஃபிஷியன்ட், கோவை – எக்ஸ்பிரஷன், சமன்பாடு – ஈக்வேஷன், முற்றொருமை – ஐடென்டிட்டி, காரணி – ஃபாக்டர். ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்களே அமைத்த ஓர் எடுத்துக்காட்டு இருக்கட்டும். கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தைப் பிரிக்கும் நாளில், தெரிந்த கணிதமே புதிய பெயரில் வந்திருக்கிறது என்ற தைரியம் இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இன்று மாலை பிள்ளையின் நோட்டில் ஏதாவது ஒரு கணக்கைக் காட்டி, “இது கோவையா, சமன்பாடா? எப்படிச் சொல்கிறாய்?” என்று மட்டும் கேளுங்கள். கணிதம் உங்களுக்கு மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை; பிள்ளை காரணம் சொல்லட்டும், நீங்கள் பொறுமையாகக் கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு விடை கண்டுபிடிக்கவும் வரும்.