மெய்ப்பாடறிதலும் பயிற்றுநர் தொழிலும்: நீலகிரித் தேயிலை வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

பிறர்க்கு வழிகாட்டிப் பயிற்சியளிப்பதையே தொழிலாகக் கொள்வோர் இந்நாளில் பெருகி வருகின்றனர். விளையாட்டுத் திடலுக்கே உரியவராக இருந்த பயிற்றுநர், இன்று அலுவலகம், தொழிற்சாலை, தோட்டம் என எவ்விடத்தும் வேண்டப்படுகிறார். பட்டம் பெற்று வெளிச்செல்லும் நம் மாணவருள் சிலரும் இத்தொழிலை நாடக்கூடும். இதற்கு வேண்டிய முதல், பொருளோ கட்டடமோ அன்று; தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் அறிந்து ஒழுகும் அறிவேயாகும். இவ்வறிவினை உணர்ச்சிசார் நுண்ணறிவு என்னும் பெயரால் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 1990இல் வரையறுத்தனர். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதனை உலகெங்கும் பரப்பியது. இவ்வறிவைப் பெறும் வழியைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு, நீலகிரித் தேயிலை வட்டாரத்தை எடுத்துக்காட்டாக வைத்துக் காண்போம்.

மெய்ப்பாடும் நிலைக்களனும்

உள்ளத்து நிகழ்வது உடலின்வழிப் புலப்படுவதே மெய்ப்பாடு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்ததோடு நில்லாமல், ஒவ்வொன்றும் தோன்றுதற்கு நந்நான்கு நிலைக்களன்களையும் சுட்டினார். வெகுளி, உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகியவற்றால் பிறக்கும் என்றும், அழுகை, இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றால் பிறக்கும் என்றும் அவர் பகுத்துரைத்தார். இவற்றுள் அசைவு என்பது, முன்னிருந்த நன்னிலை கெட்டு வருந்துதல் என உரையாசிரியரால் விளக்கப்படுகிறது.

இப்பகுப்பு செய்யுளுக்கு இலக்கணமாக எழுந்ததே. எனினும், பயிற்றுநர் கற்க வேண்டிய முதற்பாடம் இதனுள் அடங்கியிருக்கிறது. முகத்திற் காணும் உணர்ச்சியோடு நின்றுவிடாமல், அதன் நிலைக்களன் யாதெனத் தேட வேண்டும் என்பதே அப்பாடம்.

மலையகத்தில் ஒரு சான்று

நீலகிரியில் பெருந்தோட்டங்களேயன்றி, சிறு நிலங்களில் தேயிலை பயிரிடும் உழவரும் பல்லாயிரவர் உளர். அவர்தம் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளை இணைக்கும் இன்கோசர்வ் நிறுவனம் 1965இல் தோன்றியது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின், தென்னிந்தியத் தேயிலைக்கு இருந்த பெருஞ்சந்தை நிலைகுலையலாயிற்று. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலையின் விலை கடுமையாக வீழ்ந்தது. தேயிலையை நம்பி வீடு கட்டியோரும் பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்பியோரும் இடருற்றனர்.

இத்தகைய காலத்தில், புதிய பயிற்றுநர் ஒருவர் படுகர் வாழும் ஹட்டி ஒன்றிற்குச் சென்று, தரம் உயர்த்தும் பயிற்சி அளிப்பதாகக் கொள்வோம். இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து பறித்தல் வேண்டும் என அவர் தொடங்கியவுடனே அவையில் சினக்குரல் எழுகிறது. அவ்வாறு பறித்தால் எடை குறையும், ஆட்கூலி ஏறும், தரத்திற்கேற்ற விலையோ கிடைக்காது என்பது உழவர் வாதம். பயிற்றுநர் இதனை வெகுளி என்று மட்டும் கொண்டால், தம்மை அவமதித்தனர் எனக் கருதித் தாமும் வெகுள்வார். அல்லது இவர்கள் மாறமாட்டார்கள் என முடிவு கட்டிவிடுவார். நிலைக்களனை நோக்கினாலோ, அங்கே இருப்பவை வறுமையும் அசைவும் எனத் தெளிவார். வெகுளி போலத் தோன்றியது அழுகையின் வேறொரு வடிவமே. அழுகின்றவனுக்கு வேண்டுவது மறுப்புரை அன்று; முதலில் செவியே.

எனவே அவர் தம் பாடத்தை நிறுத்தி, 'ஒரு கிலோ பறிக்க உங்களுக்கு ஆகும் செலவு என்ன?' என்று வினவ வேண்டும். உழவரே கணக்கிட்டுக் கூற, அக்கணக்கிலிருந்தே பாடம் தொடங்குதல் வேண்டும். விடையைத் தாம் கூறாது, வினாவால் பிறரைச் சிந்திக்கச் செய்வதே பயிற்றுநர்க்குரிய தனித்திறன்.

தோட்டத் தொழிலாளரிடையே நிலைக்களன் வேறாதலும் உண்டு. 1964ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்படித் தாயகம் திரும்பிய மக்களுக்கு வாழ்வளிக்க, 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்தது. பிறந்த மண்ணை விட்டு வந்தோர்தம் வழிவந்தாரிடம் காணும் மௌனத்தைச் சோம்பல் எனக் கொள்வது பேதைமை. அதனடியில் இழவு இருக்கலாம், இளிவும் இருக்கலாம். எது என்பதை அவர் வாய்மொழியால் அறிய வேண்டுமேயன்றி, ஊகத்தால் துணிதல் ஆகாது.

தன்னை அறிதல்

பிறர் மெய்ப்பாட்டை அறியுமுன் பயிற்றுநர் தம்முடையதை அறிதல் வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்கியவரைக் கட்டணம் கேட்கையில் அச்சம் பற்றுகிறது. வாய்ப்பு மறுக்கப்படுகையில் இளிவரல் சூழ்கிறது. அச்சத்தால் கட்டணத்தை மிகக் குறைப்பவர் விரைவில் தொழிலையே கைவிடுவர். இளிவரலால் அளவுமீறி வாக்களிப்பவர் நம்பிக்கையை இழப்பர்.

ஈண்டுத் தொல்காப்பியர் கருத்து ஒன்று நினையத்தக்கது. பெருமிதத்திற்கு அவர் கூறும் நிலைக்களன்கள் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன. செல்வத்தை உவகைக்கு நிலைக்களனாக வைத்தாரேயன்றிப் பெருமிதத்திற்கு வைத்தாரல்லர். பொருள் வந்தால் மகிழலாம். வாராதபோது தன்மதிப்பு குறைய வேண்டுவதில்லை. முதல் ஓராண்டில் வருவாய் சிறுத்திருக்கும் இளைஞர்க்கு இதனினும் சிறந்த ஊன்றுகோல் இல்லை எனலாம்.

இவ்வறிவு பயிற்சியால் வளரும். ஒவ்வோர் அமர்வு முடிந்ததும், என்னிடம் எழுந்த உணர்ச்சி யாது, எதிரிலிருந்தாரிடம் கண்டது யாது, அதன் நிலைக்களன் எனக் கருதியது யாது என்னும் மூன்றனையும் குறிப்பேட்டில் எழுதி வரலாம். அடுத்த சந்திப்பில் அக்கருத்து சரியா என வினவித் திருத்திக்கொள்ளலாம். திருக்குறளின் பொருட்பாலிலும் இன்பத்துப்பாலிலும் குறிப்பறிதல் என்னும் பெயரிலேயே அதிகாரம் அமைந்திருப்பது, இக்கலை அரசவைக்கும் இல்லத்திற்கும் ஒப்ப வேண்டுவது என்பதைக் காட்டும்.

ஓர் எச்சரிக்கை

பயிற்றுநர்க்குக் கூலி கொடுப்பவர் ஒருவராகவும் பயிற்சி பெறுவோர் வேறொருவராகவும் இருத்தல் உண்டு. தொழிலாளரின் முறையீட்டைத் தணித்துத் தருக என நிர்வாகம் வேண்டினால் என் செய்வது? கூலி குறைவாலும் ஒழுகும் கூரையாலும் எழும் சினம், பயிற்சியால் ஆற்ற வேண்டிய நோய் அன்று. அதன் காரணமே நீக்கப்படல் வேண்டும். பிறர் உள்ளத்தை அறியும் திறன் அவரை வசப்படுத்தும் கருவியாக மாறுமாயின் அது அறிவன்று, சூழ்ச்சியே. ஆதலின், யாருக்காகப் பணியாற்றுகிறோம், கேட்டவற்றுள் எதனை எவர்க்கும் வெளியிடமாட்டோம் என்பவற்றை முதல் நாளே இருசாரார்க்கும் தெளிவுறுத்துதல் கடமை. 1995இல் நிறுவப்பெற்ற பன்னாட்டுப் பயிற்றுநர் கூட்டமைப்பின் ஒழுக்க நெறிகளும் இத்தகைய தெளிவையும் மறைகாப்பையும் வலியுறுத்துகின்றன.

முடிவுரை

உணர்ச்சியைக் கண்டு அஞ்சாமலும், அதனோடு பூசலிடாமலும், அதன் நிலைக்களனைத் தேடிச் செல்பவரே நல்ல பயிற்றுநர். அவ்வாறு தேடுவோரை மக்கள் மீண்டும் அழைப்பர். தொழில் அவ்வழியே வளரும். மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கற்று மறந்துவிடாமல், மனிதரை அறியும் கண்ணாகவும் நம் மாணவர்கள் கொள்வார்களாக.