காலை நீட்டினால் நடை நேராகிவிடுமா?

இலுப்பூர்ப் பக்கம் யாராவது இடுப்பைச் சாய்த்து விந்தி நடந்தால், "சின்ன வயசுல போலியோ வந்திருக்கும்" என்று ஊரே முடிவு கட்டிவிடும். சிலருக்கு அது போலியோவே இல்லை. தொடை எலும்பின் பந்து உட்கார வேண்டிய இடுப்புக் கிண்ணம் ஆழமாக வளராமல் போனதுதான் காரணம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். நடவு, களையெடுப்பு, தலைச்சுமை என்று பல வருடம் ஓட்டிவிட்டு, வலி தாளாமல் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ போய் எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது. இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்றதும், ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள்.

"கால் குட்டையா இருக்கு. நீட்டிட்டா நடை சரியாகிடும்."

பாதி உண்மை என்பதால் இதை அசைப்பது கடினம். ஒவ்வொரு அடியிலும் சற்று நேரம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது மறுபக்க இடுப்பு கீழே இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்வது, ஊன்றிய காலின் பக்கம் இடுப்புக்கு வெளியே இருக்கும் புட்டத் தசை. உடம்பின் எடை மூட்டுக்கு எட்ட இருந்து அழுத்துகிறது. தசை கிட்ட இருந்து இழுக்கிறது. அதனால் தசை கடுமையாக இழுத்தாக வேண்டும். சாதாரண நடையிலேயே மூட்டின் மேல் உடல் எடையைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு சுமை விழுவது இதனால்தான்.

கிண்ணம் ஆழமில்லாதபோது பந்து மேலேயும் வெளிப்பக்கமும் நகர்ந்துவிடுகிறது. தசை தொய்ந்து, பிடி தளர்கிறது. இடுப்பு மறுபக்கம் சரிய, அதை ஈடுகட்ட உடம்பு ஊன்றிய காலின் பக்கம் சாய்கிறது. 1895-ல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ட்ரெண்டலன்பர்க் விவரித்த நடை இதுதான். இரண்டு காலும் ஒரே நீளமாக இருந்தாலும் இந்தத் தசை பலவீனமாக இருந்தால் சாய்வு போகாது.

ஆகவே புதுக் கிண்ணத்தை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. பந்து நகர்ந்துபோன மேல் இடத்திலேயே பொருத்துவது சில சமயம் எளிது. ஆனால் மேலேயும் வெளியேயும் பொருத்தினால் தசையின் சிரமம் அப்படியே தொடரும், கிண்ணமும் சீக்கிரம் தளரக்கூடும். மூட்டின் மையம் உள்ளேயும் கீழேயும் இருந்தால் சுமை குறையும் என்று 1979-லேயே ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதே ஆண்டில்தான், பந்து எவ்வளவு மேலேறியிருக்கிறது என்பதை நான்கு படிகளாக வகுக்கும் முறையும் வெளியானது. வகுத்த மூவரில் ஒருவர் சித்தரஞ்சன் ரணாவத். பின்னாளில் பிரதமர் வாஜ்பாயின் முழங்கால் மூட்டுகளை மாற்றிய அதே டாக்டர்.

ஆனால் கிண்ணம் இருக்க வேண்டிய இயற்கையான இடத்தில் எலும்பு குறைவு. சிறிய கிண்ணம்தான் பிடிக்கும். அகற்றிய பந்தின் எலும்பையே வெட்டி மேல்விளிம்புக்கு முட்டுக் கொடுப்பதும் உண்டு. தொடை எலும்புக்குள் இறங்கும் செயற்கைத் தண்டின் கழுத்து எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பதும் தசையின் பிடியைத் தீர்மானிக்கும்.

"எவ்வளவு குட்டையோ அவ்வளவும் இழுத்துவிடலாம்."

முடியாது. காலோடு சேர்ந்து நரம்பும் இழுபடும். ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டருக்கு மேல் ஒரே முறையில் இறக்கினால் பாதம் தொங்கிவிடும் ஆபத்து கூடுகிறது. பந்து மிக மேலே போனவர்களுக்குத் தொடை எலும்பில் ஒரு துண்டை வெட்டியெடுப்பது இதற்காகத்தான். நீட்டப் போன இடத்தில் எலும்பை ஏன் வெட்டினார்கள் என்று வீட்டார் கோபப்படுவதில் நியாயமில்லை.

"விலை கூடின மூட்டு போட்டா நடையும் நல்லா இருக்கும்."

மூட்டை எங்கே, எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதுதான் முக்கியம். கம்பெனிப் பெயரை விசாரிக்கும் நேரத்தில், பிறவிக் குறையுள்ள இடுப்புகளில் டாக்டருக்கு எவ்வளவு அனுபவம் என்று விசாரிக்கலாம்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் கால் நீளமாத் தெரியுது, தப்பாப் பண்ணிட்டாங்க."

பல வருடம் சரிந்தே பழகிய இடுப்புக்கும் முதுகுக்கும் சமமான காலும் நீளமாகத்தான் தெரியும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் இது தணியும். அதற்குள் செருப்புக்கு அடியில் கட்டை ஒட்டிக்கொள்ள வேண்டாம். அளந்து பார்த்து டாக்டர் சொல்லட்டும். தசை பலம் பெறவும் மாதங்கள் ஆகும், பயிற்சி செய்தால்தான் வரும்.

"வலிக்கிற பக்கம்தான் கம்பு ஊன்றணும்."

எதிர்ப்பக்கக் கையில் ஊன்ற வேண்டும். வலது இடுப்பென்றால் கம்பு இடக்கையில். வலது கால் தரையைத் தொடும்போதே கம்பும் தொட்டால் புட்டத் தசையின் வேலையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும், மூட்டின் சுமையும் இறங்கும்.