கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கணக்கு

கேள்வி: கெடா மாநிலத்தின் கோத்தா கோலா மூடாவில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். லயத்தை விட்டு வந்தபோது கூடவே வந்த நாய் போட்ட குட்டிதான் எங்கள் கருப்பி. வயது ஒன்பது. போன மாதம் சோறு தின்னாமல், தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டது. தனியார் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கருப்பையில் சீழ் பிடித்திருக்கிறது, உடனே ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். “800 வெள்ளி போல ஆகும்” என்று முகப்பில் சொன்னார்கள். மகன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டான். நாலாம் நாள் 2,300 வெள்ளிக்கு பில் வந்தது. முழுப் பணமும் கட்டினால்தான் நாயைத் தருவோம் என்றார்கள். கடன் வாங்கிக் கட்டி மீட்டு வந்தோம். இப்படிக் கேட்பது சட்டப்படி சரியா? பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா? அடுத்த முறை காசில்லாமல் வைத்தியம் பார்க்காது விட்டால் எங்கள் மேல் குற்றம் வருமா? “தோட்டத்து ஓரமாக விட்டுவிட்டு வாங்க” என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். மனசு கேட்கவில்லை.

பதில்: கடிதத்தோடு இரண்டு தாள்களின் நகலையும் இந்த அம்மா அனுப்பியிருக்கிறார். ஒன்று பில். மயக்க மருந்து, அறுவை, இரண்டு தடவை இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டிரிப், மூன்று இரவு வார்டு, ஊசிகள், தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. மற்றொன்று மகன் கையெழுத்திட்ட சம்மதத் தாள். ஆங்கிலத்தில் அச்சிட்ட அந்தத் தாளில் ‘மதிப்பீட்டுத் தொகை’ என்ற இடம் காலியாகக் கிடக்கிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், தேவைப்பட்டால் கூடுதல் சிகிச்சைக்கும் அதன் செலவுக்கும் சம்மதம் என்று ஒரு வரி. விவகாரத்தின் முடிச்சு இந்தக் காலி இடத்திலும் அதன் கீழுள்ள வரியிலும்தான் விழுந்திருக்கிறது.

முதலில் விலை. மலேசியாவில் தனியார் கால்நடை மருத்துவர் இவ்வளவுதான் வாங்கலாம் என்று வரம்பு கட்டும் சட்டம் எதுவுமில்லை. மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் தனியார் மருத்துவரின் கட்டணத்துக்கு 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் ஓர் அட்டவணை இருக்கிறது. கால்நடை மருத்துவர்களை ஆள்வது 1974-ஆம் ஆண்டு கால்நடை அறுவை மருத்துவர்கள் சட்டம். யார் பதிவு பெறலாம், யார் தொழில் செய்யலாம், தவறினால் என்ன ஒழுங்கு நடவடிக்கை என்று அது பேசுகிறது. பில் தொகைக்குள் அது நுழைவதில்லை.

இந்த பில் நம்மவர்களை இவ்வளவு உலுக்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட் என்றே பழகியவர்கள் நாம். நமக்கு நடக்கும் ஸ்கேனுக்கும் மயக்க மருந்துக்கும் உண்மையில் என்ன செலவாகிறது என்பதை அரசாங்கம் தன் கணக்கில் மறைத்துவைத்துக்கொள்கிறது. நாய்க்கு அப்படித் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. பெரும்பாலும் இறக்குமதியாகும் கருவியும் மருந்தும் விலையேற ஏற, முழுச் சுமையும் முகப்பில் நிற்பவர் தலையில் இறங்குகிறது. கருப்பைச் சீழும் காத்திருக்கக்கூடிய நோயல்ல. ஓரிரு நாள் தாமதித்தாலே விஷம் இரத்தத்தில் கலந்து உயிரைக் கொண்டுபோய்விடும். அந்த மருத்துவர் உடனே கத்தியை எடுத்தது சரியான முடிவு. ஒன்பது வயது நாயை அவர் பிழைக்கவைத்திருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் விலையைச் சொன்ன விதம் சரியா என்பது தனிக் கேள்வி. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தமாகும். “800 வெள்ளிக்குச் செய்து தருகிறோம்” என்று சொல்லியிருந்தால் அது விலை. கிளினிக் அதற்குக் கட்டுப்பட வேண்டும். “800 போல ஆகும்” என்பது மதிப்பீடு; கூடக் குறைய ஆகலாம். அம்மாவே கடிதத்தில் ‘போல’ என்று எழுதியிருப்பதால், 800-க்கு ஒரு காசு கூடத் தரமாட்டேன் என்று வாதிட முடியாது. அதே சமயம் மதிப்பீடு என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, ஏறக்குறைய மூன்று மடங்கு பில்லை நாலாம் நாள் நீட்டுவதும் அப்படியே செல்லுபடியாகிவிடாது. கூடுதல் சிகிச்சைக்குத் தந்த சம்மதம், தொகையைக் கண்மூடி எழுதிக்கொள்ளத் தந்த சம்மதம் ஆகிவிடாது. விலை பேசாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஈடு நியாயமான தொகையாக இருக்க வேண்டும். நான்கு நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வாட்சாப் செய்தி கூட வரவில்லை என்றால், மாஜிஸ்திரேட் முன்னால் அந்த மௌனம் கிளினிக்குக்கு எதிராகவே பேசும்.

நாயைப் பிடித்துவைத்தது? கேட்கக் கசப்பாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் நாய் ஓர் அசையும் சொத்து. ஒப்படைத்த பொருளில் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், தமக்கு உரிய கூலி வரும்வரை அதைத் தம்மிடம் வைத்திருக்கலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டம். தையற்காரர் தைத்த துணிக்குள்ள விதி இதுதான். கிளினிக் இதைத்தான் கைப்பிடியாகக் கொள்ளும். ஆனாலும் இரண்டு எல்லைகள் உண்டு. வைத்திருக்கும் நாளெல்லாம் சோறு, தண்ணீர், மருந்து தவறக் கூடாது. விலங்கைத் துன்புறுத்துவது யார் கையில் நடந்தாலும் குற்றம். அடுத்தது, பிடித்துவைத்த நாட்களுக்குத் தனி வாடகை. இங்கிலாந்தில் 1860-இல் பழுதுபார்த்த கப்பலைப் பணத்துக்காகத் துறையிலேயே நிறுத்திவைத்தவர்கள், நிறுத்திய நாட்களுக்கும் கட்டணம் கேட்டார்கள். தங்கள் உரிமைக்காக வைத்திருந்ததற்குப் பிறரிடம் வாடகை கேட்க முடியாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. முன்கூட்டி ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. இந்த பில்லில் மூன்று இரவும் சிகிச்சைக்கான இரவுகள் என்றே தெரிகிறது, ஆகவே அதில் தகராறு இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் பணத்தைக் கட்டி நாயை மீட்பதுதான் புத்திசாலித்தனம். கட்டும்போது ரசீதின் மேல் “ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்” என்று எழுதி, தேதி போட்டு, கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். எழுதாவிட்டாலும் உரிமை போய்விடாது. எழுதியிருந்தால் பிறகு வாதாடுவது சுலபம்.

தீர்ப்பாயத்தைப் பற்றி அம்மா கேட்டதற்குத்தான் வருத்தமான பதில். 5 ரிங்கிட் கட்டணத்தில், வக்கீல் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரை கேட்கக்கூடிய பயனீட்டாளர் தீர்ப்பாயம் நம் நாட்டின் நல்ல ஏற்பாடுகளில் ஒன்று. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், விலை பேசாத சேவைக்கு நியாயமான விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்று ஒரு பிரிவும் இருக்கிறது. இந்த வழக்குக்கென்றே எழுதியது போன்ற பிரிவு. ஆனால் அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவு, வேறொரு சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் நிபுணர்களின் சேவைக்கு இச்சட்டம் பொருந்தாது என்று கதவை அடைத்துவிடுகிறது. கால்நடை மருத்துவர் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறவர். தமிழகப் பத்திரிகைகளில் மருத்துவர்மீது நுகர்வோர் வழக்கு என்று படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் பலர். இந்தியாவில் 1995-இல் சாந்தா என்பவர் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இங்கே அந்த வழி இல்லை. கிளினிக்கிலேயே விற்கும் தீனி, செய்து தரும் குளியல், விடுமுறைக்கு நாயை விட்டுச் செல்லும் தங்கல் ஆகியவை மருத்துவச் சேவை அல்ல என்று தீர்ப்பாயத்தில் வாதிட இடமுண்டு. நோயோடு குட்டியை விற்ற செல்லப்பிராணிக் கடைமீதும் அங்கே போகலாம். கருப்பியின் ஆப்பரேஷனுக்குப் போக முடியாது.

அம்மாவுக்குத் திறந்திருக்கும் கதவு, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை. படிவம் 198-ஐ நிரப்பிச் சுங்கை பட்டாணி நீதிமன்றத்தில் பதிந்தால் போதும். வக்கீல் வைத்து வழக்காட முடியாது என்பதால் வக்கீல் செலவும் இல்லை. அதிகபட்சமாக அம்மா கேட்கக்கூடிய 1,500 வெள்ளி அதன் வரம்புக்குள் அடங்கும். அதற்கு முன் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதி 14 நாள் தவணை கொடுக்க வேண்டும். எந்தெந்த வரி எதிர்பாராமல் வந்தது, ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று கேட்டால் போதும். பெரும்பாலான தகராறுகள் இந்தக் கட்டத்திலேயே ஒரு தள்ளுபடியில் முடிந்துவிடுகின்றன. முழு 1,500 கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஒரு பகுதி கிடைக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்திடம் புகார் செய்யலாமா என்றால், தொழில் ஒழுங்கீனத்துக்கு அது சரியான இடம். காசைத் திருப்பி வாங்கித் தருவது அதன் வேலையல்ல.

இந்தப் பிரச்சினை கெடாவோடு நிற்கவில்லை. பிரிட்டனின் போட்டி, சந்தை ஆணையம் 2025 அக்டோபரில் வெளியிட்ட இடைக்கால முடிவில், 2016-க்கும் 2023-க்கும் இடையே அங்கே கால்நடை மருத்துவக் கட்டணம் 63 விழுக்காடு ஏறியதாகச் சொன்னது. கிளினிக்குகள் விலைப் பட்டியலை வெளியிட வேண்டும், 500 பவுண்டுக்கு மேல் போகக்கூடிய சிகிச்சைக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும் என்று அது முன்மொழிந்தது. நம் நாட்டிலும் இதைச் செய்ய ஒரு நாணயமும் செலவாகாது. காலி இடம் விட்ட சம்மதத் தாளில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று ஒரு விதி வந்தாலே, இப்படிப்பட்ட கடிதங்களில் பாதி வராது.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஆம், குற்றம் வரலாம். 2013-க்கு முன் விலங்கு வதைக்கு உச்ச அபராதமே 200 ரிங்கிட்தான். 2017 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் தண்டனையை மேலும் கடுமையாக்கியது. வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து தம் விலங்கைக் காக்க உரிமையாளர் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது அதன் 24-ஆம் பிரிவு. தவறினால் 15,000 முதல் 75,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வதைக்கு 29-ஆம் பிரிவில் 20,000 முதல் 100,000 ரிங்கிட், 3 ஆண்டு வரை சிறை. இது ஏட்டுச் சட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018-இல் கோம்பாக் சலவைக் கடையில் சினைப் பூனையை உலர்த்தி இயந்திரத்தில் போட்டுக் கொன்றவருக்கு, 2019-இல் செலாயாங் செஷன்ஸ் நீதிமன்றம் 34 மாதச் சிறையும் 40,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது.

அம்மாவின் நிலை அதனோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. ‘நியாயமான முயற்சி’ என்ற சொற்களில் ஏழைக்கும் இடம் இருக்கிறது. 2,000 வெள்ளி ஆப்பரேஷன் செய்யவில்லை என்பதற்காக யாரையும் சிறையில் போடுவது அச்சட்டத்தின் நோக்கமல்ல. மருத்துவரிடம் காட்டினார்களா, மலிவான மாற்று வழி கேட்டார்களா, அரசாங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்களா என்றுதான் பார்க்கப்படும். எதுவும் முடியாத கட்டத்தில், மருத்துவர் கையால் வலியில்லாமல் உயிரை விடச் செய்வதும் சட்டம் ஏற்கும் வழியே. நோயுற்ற நாயைத் தோட்டத்து ஓரத்தில் இறக்கிவிட்டு வருவது மட்டும் எந்த வகையிலும் நியாயமான முயற்சி ஆகாது. விடிவதற்கு முன் பால் வெட்டப் போகையில் பாம்புக்கும் காட்டுப் பன்றிக்கும் முன்னால் ஓடிக் குரைத்த நாய்களின் வம்சம் அது. அம்மாவின் மனசு கேட்காமல் போனது சரி.

இனி நடக்கப்போவதற்குச் சில வார்த்தைகள். கால்நடைச் சேவைத் துறையின் கோலா மூடா மாவட்ட அலுவலகம் சுங்கை பட்டாணியில் இருக்கிறது. தடுப்பூசிக்கும் சாதாரண நோய்க்கும் முதலில் அங்கே கேட்பது நல்லது, கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. பெரிய ஆப்பரேஷனுக்குப் பல்கலைக்கழக மருத்துவமனை வேண்டுமென்றால் சிலாங்கூரில் உள்ள செர்டாங் வரை போக வேண்டும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் என்பதால் அவசரத்துக்கு உதவாது. இருப்பதிலேயே பெரிய மிச்சம் கருத்தடைதான். கருப்பிக்கு வந்த சீழ், கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்களைத் தேடி வரும் நோய். இளவயதில் திட்டமிட்டுச் செய்யும் அறுவைக்கு, ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடும் அறுவையின் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். வீட்டில் வேறு பெட்டை நாய் இருந்தால் இந்த மாதமே கேட்டுவிடலாம். காசை மிச்சம் பிடிக்க வீட்டு மாத்திரையைக் கொடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு பனடோல் பூனையைக் கொன்றுவிடும்.

அடுத்த முறை கிளினிக் முகப்பில் நிற்கும்போது, தாளில் உள்ள காலி இடத்தில் தொகையை எழுதச் சொல்லுங்கள். “இதற்கு மேல் போகுமானால் எனக்குப் போன் செய்து கேட்ட பிறகே செய்ய வேண்டும்” என்று தமிழிலோ மலாயிலோ ஒரு வரி எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். தவணையில் கட்டலாமா என்று ஆப்பரேஷனுக்கு முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது.

கருப்பியின் வழக்கைப் பதிய 1953-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் 6 ஆண்டு அவகாசம் தருகிறது. ஆனால் கிளினிக் தந்த ரசீது வெப்பத்தாளில் அச்சிட்டதாக இருந்தால், சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். இன்றே இரண்டு நகல் எடுத்துச் சம்மதத் தாளோடு சேர்த்து வைத்துவிடுங்கள், அம்மா.