ஆறாத சுவாசப்பையும் மீண்டுவருந் தொற்றும்

மாரி தொடங்கியதும் நம்மூர் வீடுகள் பலவற்றில் முதியவர் ஒருவர் விடிய விடிய இருமும் ஒலி கேட்கும். “அஃது அவருக்கு வழக்கமான இருமல்” என்று வீட்டார் கூறி அமைவர். என் தகப்பனாரின் இருமலைக் குறித்து நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கூறிவந்தோம். அவர் நாற்பதாண்டுகள் சுருட்டுப் புகைத்தவர். மாரிதோறும் அவருக்குச் சளி கட்டும், மருந்து உண்பார், தேறுவார், அடுத்த மாரியில் மீண்டும் விழுவார். ஒவ்வொரு முறையும் அவர் முழுமையாகத் தேறினார் என்றே எண்ணினோம். அவ்வெண்ணம் பிழையென்பதை மிகப் பிந்தியே அறிந்தோம்.

நான் வைத்தியன் அல்லன்; தமிழ் கற்பிப்பவன். எனினும், அந்நோயின் பொருட்டுப் படித்தறிந்தனவும் வைத்தியரிடங் கேட்டறிந்தனவும் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன்.

பெயர்களின் மயக்கம்

தொய்வு, முட்டு, இரைப்பு, ஈளை, நெஞ்சுச்சளி என நம் பேச்சில் மூச்சுநோய்க்குப் பெயர்கள் பல. ஆனால், ஒருவர் தொய்வென்பதை மற்றவர் முட்டென்பர்; வெவ்வேறு நோய்களும் ஒரே பெயரைப் பெறுவதுண்டு. வைத்திய நூலார் இவற்றைப் பிரித்தறிவர். ஆஸ்மாவிற் சுவாசக்குழாய்கள் இடையிடையே சுருங்கிப் பெரும்பாலும் மீளத் திறக்கும். நாட்பட்ட சுவாச அடைப்புநோயிலோ குழாய்கள் நிலையாகவே குறுகிவிடும். காற்றுச் சிற்றறைகளின் சுவர்களும் சிதையும். மூன்றாவது வகையிற் குழாய்கள் நிலையாக விரிந்து தளர்ந்து, சளி தேங்கும் குட்டைகளாகும். இதனை 1819 ஆம் ஆண்டில் விரித்துரைத்தவர், இதயத்துடிப்பும் மூச்சொலியுங் கேட்கும் கருவியைக் கண்ட பிரெஞ்சு வைத்தியர் இலெனெக் ஆவர். கசநோய், குக்கல், கடுமையான நிமோனியா ஆகியன வந்து போனபின் இவ்விரிவு எஞ்சுதல் உண்டு. மீண்டும் மீண்டும் பற்றீரியாத் தொற்றுக்கு இடமாவன சிறப்பாகப் பின்னைய இரு நோய்களுமே.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, நாட்பட்ட சுவாச அடைப்புநோயினால் 2019 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர்.

காவலும் காவற் குலைவும்

நாம் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 இலீற்றர் காற்றை உள்ளிழுக்கின்றோம். அதனோடு தூசியும் நுண்ணுயிர்களும் உட்செல்கின்றன. அவற்றைத் தடுக்கும் ஏற்பாடு வியக்கத்தக்கது. சுவாசக்குழாயின் உட்புறத்தை மெல்லிய சீதப்படலம் மூடியுள்ளது. உட்புகுந்த தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். அதன் கீழே எண்ணிறந்த பிசிர்கள் வினாடிக்குப் பத்து முறைக்கு மேலாக அசைந்து, அச்சீதத்தைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளும். நாம் அறியாமலே அதனை விழுங்கிவிடுகின்றோம். கூட்டுபவர் உறங்காத முற்றம் போன்றது நலமுள்ள சுவாசப்பை.

புகை இக்கூட்டுபவரையே முதலில் வீழ்த்துகின்றது. புகையிலையின் புகையாயினும், புகைபோக்கியில்லாத அடுக்களையில் விறகடுப்பின் புகையாயினும், ஆண்டுக்கணக்கில் உட்செல்லுமாயின் பிசிர்கள் குறுகி அழியும்; சீதச்சுரப்பிகள் பருத்து மிகுதியாகச் சுரக்கும். குப்பை பெருகக் கூட்டுவார் குறைவர். தேங்கிய சீதத்திற் பற்றீரியாக்கள் குடியேறும்.

அவ்வாறு குடியேறுவனவற்றுள் முதன்மையானது ஈமோபிலசு இன்புளுவென்சா. அதன் பெயர்க்கு ஒரு வரலாறுண்டு. 1892 இல் பைபர் என்னும் செர்மானிய அறிஞர் இன்புளுவென்சாக் காய்ச்சலுக்கு இதுவே காரணமெனக் கருதினார். 1933 இல் அக்காய்ச்சல் வைரசினால் வருவதென மெய்ப்பிக்கப்பட்டது. பிழையான பெயரோ நிலைத்துவிட்டது. இதனோடு நியூமோகொக்கசு, மொரட்செல்லா என்பனவும், நோய் முற்றியவிடத்துச் சூடோமோனசு என்பதும் சேரும். சூடோமோனசு தன்னைச் சுற்றிப் பசைபோன்ற படலமொன்றை அமைத்து மருந்துக்கு எட்டாமல் வாழவல்லது.

மீண்டும் மீண்டும் வருதல் ஏன்?

ஒருமுறை வென்ற பகைவன் மறுமுறையும் வருவதெப்படி? இவ்வினாவுக்கு இரு விடைகள் உள.

முதலாவது, 1986 ஆம் ஆண்டிற் பீற்றர் கோல் என்னும் ஆங்கில அறிஞர் எடுத்துரைத்த நச்சுவட்டக் கொள்கை. பற்றீரியாவை அழிக்க வெண்குருதிக்கலங்கள் திரண்டு வருகின்றன. அவை நொதியங்களைச் சொரிகின்றன. அந்நொதியங்கள் பற்றீரியாவோடு நில்லாது குழாய்ச் சுவரையும் அரிக்கின்றன. அரிக்கப்பட்ட குழாயில் மேலும் சீதந் தேங்கும். தேங்கிய சீதத்தில் மேலும் பற்றீரியா வளரும். காக்க வந்த படையே வயலை மிதித்து அழிக்கின்றது. எனவே, ஒவ்வொரு தொற்றும் அடுத்த தொற்றுக்கு நிலத்தைப் பண்படுத்திச் செல்கின்றது.

இரண்டாவது, 2002 இல் அமெரிக்காவின் பவலோ நகரிற் சேத்தி, மேர்பி முதலியோர் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் 81 நோயாளரின் சளியை ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தனர். முன்பு காணப்படாத புதிய குலவகைப் பற்றீரியா ஒன்று வந்து சேர்ந்த வேளைகளில் நோய் சீறியெழுதல் இருமடங்குக்கு மேற்பட்டது. நம் உடல் ஒரு குலவகைக்கு எதிராக ஆக்கும் பிறபொருளெதிரி, அதே இனத்தின் வேறொரு குலவகையைத் தடுக்கப் போதுவதில்லை. ஆகவே, பெயர் ஒன்றாயினும் வந்த பகைவன் வேறு. “போன முறை உண்ட மருந்தே போதும்” என்று எண்ணுதல் இதனாலேயே இடரானது.

எல்லாச் சீற்றமும் பற்றீரியாவினால் வருவதன்று. தடிமன் முதலிய வைரசு நோய்களும் புகைமண்டிய காற்றும் அதனைத் தூண்டும். 1952 ஆம் ஆண்டு திசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் நகரைப் புகைமூடுபனி மூடியபோது, ஏறத்தாழ 4,000 பேர் அதனால் இறந்தனரென முதலிற் கணக்கிடப்பட்டது. பிற்காலக் கணக்குகள் அதனினும் மிகப் பெரியன. அவருட் பலர் முன்னரே நெஞ்சுநோய் உடையவர்.

சீற்றத்தை அறிதல்

1987 இல் அந்தோனிசன் முதலிய கனடா நாட்டு அறிஞர் மூன்று குறிகளை வகுத்தனர்: மூச்சுத்திணறல் மிகுதல், சளியின் அளவு மிகுதல், சளி சீழ்போல நிறம் மாறுதல். இம்மூன்றும் ஒருங்கே தோன்றியவர்க்கே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தினாற் பெரும்பயன் விளைந்தது. சளியின் பச்சை நிறம், திரண்ட வெண்குருதிக்கலங்களிலுள்ள நொதியமொன்றினால் வருவது. உதடு நீலம்பாரித்தல், அறிவு மயங்குதல், இருந்தவிடத்திலும் மூச்சுமுட்டுதல் என்பன தோன்றின், காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

எங்கள் வீட்டிற் செய்த பிழை

ஓராண்டு வைத்தியர் அமொக்சிசிலின் கொடுத்தார். மூன்றாம் நாளில் இருமல் தணியவே, எஞ்சிய வில்லைகளைப் போத்தலிலிட்டு, “அடுத்த மாரிக்கு உதவும்” என்று தகப்பனார் அலுமாரியில் வைத்தார். அச்சிக்கனத்தை நானும் மெச்சினேன். அடுத்த மாரியில் அவ்வில்லைகளை உண்டு ஆறு நாள் காத்திருந்தோம். ஏழாம் நாள் அவர் பேசவும் மூச்சின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சளியைச் சோதித்தபோது, அம்மருந்தைச் சிதைக்கும் நொதியத்தை ஆக்கவல்ல ஈமோபிலசு அதில் இருந்தது. அவர் பிழைத்தார். ஆயின், முன்பு இளைப்பாறாமற் கோயில்வரை நடந்தவர், அதன்பின் படலைவரை நடப்பதற்கும் இருமுறை நின்றார். இழந்த அந்த மூச்சு பின்னர் மீளவேயில்லை.

பெனிசிலினைக் கண்ட பிளெமிங், குறைந்த அளவில் மருந்துண்ணல் நுண்ணுயிர்களுக்கு எதிர்க்கும் ஆற்றலைப் பழக்கிவிடும் என 1945 இல் நோபல் பரிசுச் சொற்பொழிவிலேயே எச்சரித்தார். கற்றவர் வீடாகிய எங்கள் வீட்டில் அவ்வெச்சரிக்கை எட்டவில்லை.

செய்யத்தக்கன

முதலாவது, புகைத்தலை விடுதல். எவ்வயதில் விட்டாலும் சுவாசப்பை தேயும் வேகங் குறையும். அடுக்களைக்குப் புகைபோக்கி அமைத்தல் இதனோடு சேர்ந்தது. இரண்டாவது, இன்புளுவென்சாவுக்கு ஆண்டுதோறும், நியூமோகொக்கசுக்கு வைத்தியர் கூறியவாறும் தடுப்பூசி இடுதல். மூன்றாவது, தேங்கிய சளியை வெளிப்படுத்தும் மூச்சுப்பயிற்சியை முறையாகக் கற்றுச் செய்தலும், இயன்றவரை நடத்தலும். நான்காவது, மருந்தை வைத்தியர் குறித்த நாள்வரை உண்ணல், எஞ்சியதைச் சேமியாமை, பிறர் மருந்தை உண்ணாமை. ஐந்தாவது, தொற்று அடிக்கடி வரின் சளியைச் சோதித்து, அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்துகொள்ளல்.

மாணவர்க்கு ஒரு சொல். உங்கள் வீட்டுத் திண்ணையில் இருமும் பாட்டனாரிடம் இம்மாரியில் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: மூச்சு மிகுதியாக முட்டுகின்றதா? சளி கூடியதா? நிறம் மாறியதா? ஆமெனின் அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். “வழக்கமான இருமல்” என்று சொல்லி அமையற்க. நாங்கள் அவ்வாறு சொல்லிக் கழித்த மாரிகள் ஒவ்வொன்றும் என் தகப்பனாரின் மூச்சிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துச் சென்றன.